வெள்ளைச் சட்டை போட்ட சருகுமான்

சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, நெற்றியில் விழும் முடியைப் பின்னுக்கு வாரிக்கொண்ட பிறகுதான் மேக்ஸ்வெல் நான்கு காலில் இறங்குவார். முதலில் உள்ளங்கைகள், அப்புறம் முழங்கால்கள். மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருக்கும் தானியங்கிக் கேமராவின் முன்னால் சருகு நொறுங்கத் தவழ்வார். சிவப்பு விளக்கு மின்னினால், நாளைக்கு மிருகம் வந்தாலும் படம் விழும் என்று அர்த்தம். மின்னாவிட்டால் கேமராவைச் சாய்த்துக் கட்டிவிட்டு மறுபடி தவழ வேண்டும்.

ஏற்காட்டு மலையில் வாழவந்திக்குக் கீழே உள்ள காட்டுச் சரிவில் அரிய விலங்குகளைத் தேடும் குழுவில் அவருக்கு இதுதான் வேலை. முன்பு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். குறுக்கே தவழ்ந்தால் போதும் என்றுதான் குழுவில் சேர்த்தார்கள். அவர் அதோடு விடவில்லை. முள்ளம்பன்றி என்றால் இடுப்பை ஆட்டுவார். மரநாய் என்றால் நின்று நின்று மோப்பம் பிடிப்பார். காட்டுமாட்டுக்கு மட்டும் எழுந்து, வயிற்றை முன்னே தள்ளி, யாரையும் மதிக்காமல் நடப்பார்.

இத்தனைக்கும் போட்டுக்கொள்வது ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. முகத்தில் சந்தனப் பவுடர். எதற்கு இதெல்லாம் என்று குழுவின் தலைவி வெண்ணிலா கேட்டாள். “போட்டோன்னா சும்மாவா கண்ணு? நாளைக்கு டெல்லிக்காரன் பாத்துப்போட்டு, ஏற்காட்டு ஆளுங்க தலையே சீவ மாட்டாங்களான்னு கேக்கக் கூடாதில்ல” என்றார்.

சட்டையை நீலம் போட்டு வெளுத்து, மடிப்பு நிற்கத் தேய்த்துக் கொடுப்பவர் அக்கா தெரசம்மாள். தம்பி தவழும் படம் ஒன்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “எங்க தம்பிங்க, ஆராய்ச்சியில இருக்குது” என்பார். அது மரநாய் நடை என்பதையும் விட்டுவிடாமல் சொல்வார்.

இந்தச் சரிவைக் குழுவுக்குக் காட்டியதே மேக்ஸ்வெல்தான். போன வருஷம் ஜீப் பஞ்சராகி நின்ற இடத்தில், ஓடைக்கரையில் ஒரு சருகுமானைப் பார்த்ததாகச் சொன்னார். முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, கொம்பு கிடையாது, விலாவில் வெள்ளைப் பொட்டுகள். அக்காவைத் தவிர ஊரில் யாரும் நம்பவில்லை. மாதங்கள் போயின. கேமராவில் விழுந்ததெல்லாம் மேக்ஸ்வெல். டீக்கடையில் ஆண்டனி ராஜ் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொல்வான்: “அந்தக் காட்டுல ஒரே ஒரு மிருகந்தான் இருக்குதாமாங்க. அதுவும் வெள்ளச் சட்ட போட்டிருக்குதாமா.”

அந்த மாதக் கடைசிக்குள் படம் கிடைக்காவிட்டால் கேமராக்களைக் கழற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவதாகக் குழு முடிவு செய்தது. அவர்கள் போய்விட்டால் மேக்ஸ்வெல் பொய்யன் என்பது ஊரில் நிலைத்துவிடும். வெண்ணிலா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். சருகுமானுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. சந்தனப் பவுடர், தேங்காய் எண்ணெய், சோப்பு இதில் ஏதோ ஒன்று அதை விரட்டுகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

அவருக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மரநாய் நடைகூட இல்லை, வெறுமனே தவழ்ந்துவிட்டு வந்தார். பவுடர் இல்லாத முகத்தை டெல்லிக்காரன் பார்ப்பதைவிட வேலையை விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்.

தெரசம்மாள் பவுடர் டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தார். “சாமி, பவுடர் போட்ட பொய்யன்னு பேரெடுக்கறியா, எண்ணெ வழியற மூஞ்சியோட போயி நெசத்தக் காட்டறியா? உம் மூஞ்சி எனக்குத் தெரியாததா? அது நொம்ப மோசமில்ல, போ.” சோப்புப் போடாமல் அலசிய பழைய காக்கிச் சட்டையை நீட்டினார். அதற்கும் மடிப்பு நிற்கத் தேய்த்திருந்தார்.

தலை கலைந்து, முகம் மினுங்க, அன்று ஓடைக்கரைக் கேமராவின் முன்னால் மேக்ஸ்வெல் தவழ்ந்தார். எப்போதும் கேமராவைப் பார்த்துக்கொண்டே போகிறவர், முதல்முறையாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதக் கடைசியில் வெண்ணிலா கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்கே வந்தாள். அங்கே இருந்த மேக்ஸ்வெல்லிடம் போனை நீட்டினாள். முதல் படத்தில் காக்கி முதுகும் கலைந்த தலையும். அதற்கு அடுத்த படம் இரவில் விழுந்தது, கறுப்பு வெள்ளை. அவர் உள்ளங்கை பதிந்த அதே இடத்தில், சின்னஞ்சிறு குளம்புகளை ஊன்றி, விலாவில் பொட்டுகளோடு, கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றது சருகுமான்.

கடையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆண்டனி ராஜ் கிளாசைக் கீழே வைத்தான். “ஏனுங்க மச்சான், நெசமாலுமே இருக்குதுங்களா?”

மேக்ஸ்வெல் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படத்தைப் பெரிதாக்கினார். மழையில் நனைந்து அதன் பிடரிமுடி ஒரு பக்கமாகக் குத்திட்டு நின்றது. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையில் அந்த முடியை மெல்லப் பின்னுக்கு வாரிவிட்டார்.