படிக்காமல் போட்ட கையெழுத்து

அமெரிக்கா வரியை ஏற்றிய மாதம், அங்கே எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர் போன் செய்தார். முதலியார்பேட்டையில் ஒரு மாடியில் சின்னத் தையல் கூடம் வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கான கவுன் தைத்து அவருக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். "ஏறின வரியில பாதிய நீங்க ஏத்துக்குங்க" என்றார். தைக்கிறவர்கள் கூலியில் கைவைத்தால்தான் அது நடக்கும். முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வீராப்பாகப் பேசியாகிவிட்டது, கையிலிருந்த ஆர்டரை முடித்தால் அடுத்து வேலை இல்லை.

பிரான்சில் ஒரு கடைக்காரருக்கு மட்டும் எங்கள் கவுன் பிடித்திருந்தது. ஆனால் பங்களாதேஷிலிருந்து வரும் கவுனுக்கு அங்கே வரி கிடையாது, நம்முடையதற்கு உண்டு. ஐரோப்பாவோடு ஒப்பந்தம் வந்து வரி போனால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கூடத்தை மூடாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

அந்த நேரத்தில்தான் ஒப்பந்தம் பற்றி எங்கள் கருத்தைக் கேட்க டில்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் கூட்டம். வாசலில் எங்கள் ஜவுளித் தொழில் சங்கத்துக்காரர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். ஒரு கையில் காபியைப் பிடித்தபடி கையெழுத்துப் போட்டேன். எங்கள் சங்கத்தில் அப்படித்தான். படித்துப் பார்த்தால் தலைவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

தலைவர் அதை வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் துணி மில்கள் ஓடிய காலத்தில் எழுதிய மனு. வெளிநாட்டுத் துணி உள்ளே வரக் கூடாது, எந்த நாட்டோடும் ஒப்பந்தம் வேண்டாம் என்பதுதான் சாரம். எந்த அதிகாரி வந்தாலும் தேதியை மட்டும் மாற்றி அதையே கொடுத்து வந்திருக்கிறார்கள். மில்லே மூடிப்போனது, மனுவுக்கு மட்டும் சாவில்லை. என் அப்பா மில் தொழிலாளி. அந்த மனு எதைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். தலைவர் மேல் பாதிக் கோபம், படிக்காமல் கையெழுத்துப் போட்ட என் மேல் பாதி.

எழுந்தேன். "சார், அதுல எம் பேர அடிச்சுடுங்க. எனக்கு அந்த ஒப்பந்தம் வேணும்."

"உக்காரும்மா, அப்பறம் பேசிக்கலாம்" என்றார் தலைவர்.

"உக்கார மாட்டேண்ணே. நீங்க உள்ளூர்ல விக்கிறீங்க, நான் வெளியில அனுப்புறேன். உங்க பயத்துக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?"

அதிகாரி தமிழர்தான். "வரி ரெண்டு பக்கமும் கொறையும்மா. அவங்க துணி இங்க வந்தா என்ன செய்வீங்க?"

"வரட்டும் சார். பக்கத்துல எங்க கவுனையும் தொங்க விடுங்க. தையலப் பாத்து வாங்கட்டும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தனி ஆள் கருத்தை எழுதிக்கொள்ள முடியாது, ஒரு குழுவாகச் சொன்னால் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் அதிகாரி. என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னார். குழுதானே வேண்டும்?

வெளியே வந்து கூடத்துக்கு போன் போட்டேன். "எல்லாரும் கெளம்பி வாங்க. பொடவ மாத்தல்லாம் வேணாம், அப்படியே வாங்க."

இரண்டு ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தலையெல்லாம் நூல் துணுக்கு, ஒருத்தி கழுத்தில் அளவு டேப். காவலாளி மறிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்கள். முன்வரிசையில் பெரிய மனிதர்களுக்கென்று வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றிலேயே உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் துணிக்கு ஐரோப்பாவில் வரி போடாமலிருக்கப் பேசுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். ஒவ்வொருத்தியும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி வாங்கிப் பார்த்தார்.

"டில்லியில இது எவ்வளவு எடுபடும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

எங்களில் மூத்தவள், துணி வெட்டுகிறவள், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னாள்: "எடுபடலன்னா மறுபடி வர்றோம் சார். வேல இல்லாதவங்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்?"