சின்னம்மாமார் வில்லவனுக்குக் கொடுத்த விடுதலை

எங்கள் வீட்டில் வில்லவனுக்குக் கிடைத்த அன்பு வேறு எந்த ஆம்பிளைக்கும் கிடைத்ததில்லை. அவன் சோறு கேட்கமாட்டான், சேர்ட்டுத் தோய்க்கப் போடமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பிலிருந்து ரெயிலில் வரும் பத்திரிகையின் பின்பக்கத்தில், எட்டுக் கட்டங்களுக்குள் வந்து நின்றுவிட்டுப் போய்விடுவான். அவன் ஒரு படக்கதைக் கதாநாயகன். இந்தியப் புத்தகங்கள் வருவது குறைந்துபோய், பாணுக்கும் சீமெந்துக்கும் வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இருந்த ஒரே சந்தோசம் வில்லவன்தான்.

கதை இதுதான். வில்லவன் ஒரு கப்பல் தலைவனின் மகன். தகப்பன் சாகும்போது, இரண்டு தங்கைமாரையும் கரைசேர்க்காமல் நீ கலியாணம் செய்யக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டுக் கண்ணை மூடிவிடுகிறான். வில்லவனோ அக்கரையில் ஓடக்காரன் மகள் செவ்வந்தியை விரும்புகிறான். வருகிற பௌர்ணமிக்குள் வந்து கேட்காவிட்டால் அவளை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவதாக அவளுடைய அப்பன் சொல்லிவிட்டான். வில்லவன் ஒரு காலைப் படகிலும் மற்றக் காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு நின்றான். படம் கீறுகிறவருக்கு என்ன வில்லங்கமோ, பல கிழமைகளாக அவன் அந்தக் காலை எடுக்கவேயில்லை.

பத்திரிகைக்குச் சண்டை வந்து ஒருமுறை அது இரண்டாகக் கிழிந்துபோனதிலிருந்து, வாசிக்கிற உரிமை எனக்குத் தரப்பட்டிருந்தது. நான் நாலாம் வகுப்பு, குரல் கணீரென்று இருக்கும். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து, சட்டிகளெல்லாம் கழுவிக் கவிழ்த்தபிறகு, பின்விறாந்தையில் பாய் விரிப்பார்கள். அம்மாவின் தங்கைமாரான பெரிய சின்னம்மாவும் சின்னச் சின்னம்மாவும், முன்வீட்டு முஸ்லிம் ராத்தாவும் சுற்றியிருப்பார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பா. மாமா சற்றுத் தள்ளி, தூணோடு சாய்ந்து இருப்பார். அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று காட்டிக்கொள்வார்.

எட்டுக் கட்டத்தை வாசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? வாசித்து முடித்தபிறகுதான் உண்மையான கச்சேரி தொடங்கும். சின்னச் சின்னம்மா பழைய கட்டங்களையெல்லாம் வெட்டி, சோற்றுப்பசை தடவி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தா. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வழக்காடுவா.

"இஞ்ச பாருங்கோ, செவ்வந்தியை நினைக்கிற நேரமெல்லாம் வாளை இடக்கைக்கு மாத்துறான். வலக்கை அவளுக்கெண்டு வைச்சிருக்கிறான். இவன் எப்பவோ முடிவெடுத்திட்டான்."

பெரிய சின்னம்மா அப்படி உருகுகிற ஆள் இல்லை. அவ நியாயம்தான் பேசுவா. "சாகப்போற மனிசன் கேட்டா ஆர் மாட்டன் எண்டுவினம்? கழுத்தில கத்தி வைச்ச மாதிரி வாங்கினது ஒரு சத்தியமே?"

ராத்தா இன்னும் ஒரு படி மேலே போவா. "அவளுகள் ரெண்டும் குந்தியிருந்து தின்னட்டும், இவன் கிடந்து காயட்டுமா? நல்ல ஞாயம்!"

இந்த இடத்தில்தான் மாமா வாயைத் திறப்பார். ஒவ்வொரு கிழமையும் அவர் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "அப்ப, அந்தத் தங்கச்சிமாரை ஆர் பாக்கிறது?"

"ஏன், அவளவைக்குக் கைகால் இல்லையோ?" என்று சின்னச் சின்னம்மா பாய்வா. "தமையன்ர வாழ்க்கையைத் திண்டுதான் வாழவேணுமோ? நானெண்டால் அண்ணா நீங்கள் போங்கோ எண்டு நானே படகைத் தள்ளிவிட்டிருப்பன்."

மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்பில் இருந்த சந்தோசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மனுசன் அதை நம்பிவிட்டார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி, சின்னம்மாமாருக்கு அண்ணன். துறைமுகத்திலிருந்து குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சு என்கிற பயணிகள் படகில் எஞ்சின் பார்க்கிற வேலை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் பெண்ணுக்கு வீடு வேண்டும். வீடில்லாத பெண்ணை ஒருத்தனும் கேட்டு வரமாட்டான். அம்மப்பா இருந்த வீட்டை மூத்தவளான என் அம்மாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். மிச்ச இரண்டு பெண்களுக்கும் வீடு கட்டுகிற பொறுப்பு மாமாவின் தலையில். அவரிடம் ஒருவரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்புவழிபுரத்தில் பெரிய சின்னம்மாவின் வீடு ஜன்னல் மட்டத்தில் சீமெந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வளவு சின்னச் சின்னம்மாவுக்கு, அதில் வேலி மட்டும் இருந்தது.

ஒரு ஞாயிறு, கதையில் தங்கைமார் இரண்டுபேரும் கரைக்கு ஓடிவந்து, "அண்ணா, எங்களை நினைத்து வருந்தாதீர்கள். சென்று வாருங்கள்!" என்று கைகூப்பினார்கள். நான் அதை அழுகுரலில் வாசித்தேன். சின்னம்மாமார் இருவரும் அழுதே விட்டார்கள். ராத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனா. மாமா தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒரு கதை கதைக்கவேணும். மூதூர் லோஞ்சில ஒரு ரீச்சர் வாறவ. மூதூருக்கு அங்கால கட்டைபறிச்சான் ஆக்கள். இஞ்ச ரவுணிலதான் படிப்பிக்கிறா. தை பிறக்கக் கலியாண எழுத்தை வைப்பம் எண்டு யோசிக்கிறன்."

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டிலேயே ஒரு கலியாணம்! ஆனால் அம்மாவின் சுளகு நின்றுபோயிற்று.

பெரிய சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டா. "அப்ப அன்புவழிபுரத்து வீடு?"

"கட்டுவன்தானே. மெல்ல மெல்ல."

"கட்டைபறிச்சானில இருந்துகொண்டோ?"

மாமா சின்னச் சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நீதானே சொன்னனீ, நானெண்டால் படகைத் தள்ளிவிடுவன் எண்டு?"

"ஐயோ அண்ணை, அது படம்!" என்றா அவ. முகத்தில் நீர் இன்னும் காயவில்லை. "படத்தில வாறதையும் குடும்பத்தையும் ஒண்டாக் கதைக்கிறீங்களே! வேணுமெண்டால் போங்கோ. எங்களை ஆர் மறிச்சது?"

போங்கோ என்று சொல்லிவிட்டு ஒருவரும் போகவிடவில்லை. ஒரு சத்தம், ஒரு ஏச்சு இல்லை. பெரிய சின்னம்மா தனக்கென்று சேர்த்து வைத்திருந்த சேலைகளையெல்லாம் எடுத்து மடித்து, "எனக்கினி என்னத்துக்கு" என்று அம்மாவின் கட்டிலில் கொண்டுவந்து வைத்தா. சின்னச் சின்னம்மா சாப்பாட்டை விட்டா. கேட்டால் பசியில்லை என்பா. மாமா வேலையால் வந்து சோற்றுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்தால், குசினிக்குள்ளிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அந்தச் சோற்றை எந்த மனுசன் விழுங்குவான்?

அவர்களுக்கும் பயம் இருந்தது, இல்லையென்று நான் சொல்லவில்லை. பெரிய சின்னம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அவவோடு படித்தவர்களின் பிள்ளைகள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அரைச்சுவரை நம்பி எவன் வருவான் என்று அவ பயந்ததில் பிழையில்லை. ஆனால் அந்தப் பயத்தை வெளியில் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாயாலும் திங்கட்கிழமை இன்னொரு வாயாலும் கதைத்தார்களே, அதைத்தான் இவ்வளவு காலம் போயும் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் மாமாவை விழுத்தியது அவர்கள் இல்லை, என் அம்மா. ஒருநாள் பின்னேரம் கிணற்றடியில் கைகழுவிக்கொண்டு நின்றவரிடம் போய், "தம்பி, இருந்த ஒரு வீட்டை நான் வாங்கிப்போட்டன். இனி இதுகளின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?" என்று சொல்லி விம்மினா. மாமா கையிலிருந்த எஞ்சின் ஒயிலைத் தேங்காய்ப் பொச்சால் வெகுநேரம் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"சரி அக்கா, விடுங்கோ," என்றார். அன்றைக்குச் சின்னச் சின்னம்மா இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிட்டா.

அந்த வெள்ளிக்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டார். "வாறியே பிள்ளை, மூதூருக்குப் போட்டு வருவம்." எனக்குப் பெரிய புளுகம், துள்ளிக்கொண்டு வெளிக்கிட்டேன். லோஞ்சில் எஞ்சின் கிடங்குக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் ஒரு பெண் இருந்தா. மடியில் குடை, காலடியில் பன்பை. நெற்றியில் சின்னப் பொட்டு. மாமா, "இவதான் அக்காவின்ர மகள்," என்று என்னை அவவுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். ரீச்சர் இவதான் என்று விளங்கியது. வடிவான ஆள். அவ்வளவு கிட்டத்தில், படிப்பிக்காத நேரத்தில், நான் ஒரு ரீச்சரைக் கண்டதில்லை.

எந்த வகுப்பு, என்ன பாடம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "வில்லவன் வாசிக்கிறனீங்களோ?" என்று கேட்டா. "எங்கட பள்ளிக்கூடத்தில ரீச்சர்மாருக்கு இடைவேளையில வேற கதையில்லை."

அது போதாதா எனக்கு? வாளை இடக்கைக்கு மாற்றியதிலிருந்து தங்கைமார் கைகூப்பியதுவரை ஒப்புவித்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திச் சொன்னேன். அவ குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டா.

"உங்கட சின்னம்மாமார் என்ன சொல்லுகினம்?"

"அவை ரெண்டுபேரும் செவ்வந்தி பக்கம் ரீச்சர்! தங்கச்சிமாருக்காக அண்ணன்ர வாழ்க்கையைப் பாழாக்கக்கூடாதாம். தாங்களெண்டால் தாங்களே படகைத் தள்ளிவிடுவினமாம். ரெண்டுபேரும் அழுதவை, தெரியுமே?"

ரீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என் கன்னத்தைக் கிள்ளி, பையிலிருந்த கச்சான் கடலைச் சரையை முழுதாக என் கையில் தந்தா. வீட்டில் தம்பி தங்கைமாருக்கென்று வாங்கியதாக இருக்கவேண்டும். எஞ்சின் கிடங்கின் வாசலுக்குக் குனிந்து, "பிள்ளை சொல்லுறதைக் கேட்டீங்களே?" என்று கூப்பிட்டா.

மாமா நிமிர்ந்து வந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி ஏதோ சொன்னார். கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் போட்ட சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நீளமாகச் சொன்னார். நான் கச்சான் உடைத்துத் தின்றுகொண்டிருந்தேன். மூதூர் இறங்குதுறை கிட்டியதும் மேலேயிருந்து மணி அடித்தது. மாமா உள்ளே கையைவிட்டு எஞ்சினைத் தணித்தார். சட்டென்று கடல் அமைதியான அந்த நேரத்தில் ரீச்சரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இதைச் சொல்லுறதுக்கு இந்தப் பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

மாமா எஞ்சின் கிடங்குக்குள் குனிந்துகொண்டார். ரீச்சர் என் தலையைத் தடவி, "போட்டு வாறன் பிள்ளை, வடிவாப் படியுங்கோ," என்று சொல்லிவிட்டு இறங்கினா. குடையை விரிக்காமல் அந்த வெயிலுக்குள் நடந்து போனா. ஒருமுறையாவது திரும்பிக் கை காட்டுவா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில கிழமைகளில் வில்லவன் ஒருவழியாகக் காலைத் தூக்கிப் படகில் வைத்தான். பௌர்ணமிக்குச் செவ்வந்தியைக் கைப்பிடித்தான். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பயறு வறுத்துப் பாயாசம் வைத்தார்கள். "நான் அப்பவே சொன்னனான்தானே!" என்று சின்னச் சின்னம்மா அலுமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினா. மாமாவும் ஒரு கோப்பை குடித்தார். பிற்காலத்தில் அன்புவழிபுரத்தில் இரண்டு வீடும் எழும்பி, இரண்டு சின்னம்மாமாரும் மாப்பிள்ளைமாரோடு குடிபோனார்கள். மாமா எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் தனியாகவே நரைத்துப்போனார். அவரை எந்தச் சின்னம்மாவும் தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அந்த நாட்களில் என்னைக் குடைந்தது வேறொன்று. ரீச்சர் அதற்குப் பிறகு லோஞ்சில் வருவதேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் சுற்றி, ஒவ்வொரு ஆற்றுத் துறையிலும் இறங்கிப் பாதை என்கிற மிதவையில் ஏறி, அரைநாள் அலைந்து ஊருக்குப் போகிறாவாம் என்று லோஞ்சில் வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தபோது சொன்னார். லோஞ்சில் ஏறினால் ஒரு மணித்தியாலம். எந்த விசரி இப்படிச் செய்வாள்? யோசித்து யோசித்து நானே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்றைக்கு இறங்கும்போது ரீச்சரின் முகம் வெளிறியிருந்ததுதானே. கடல் அவவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது.

மறுநாள் காலை, வேலைக்குப் போகச் சைக்கிளை எடுத்த மாமாவிடம் ஓடிப்போய், வளவில் பிடுங்கிய, புளிப்பு மணம் வீசும் ஒரு நல்ல தேசிக்காயை நீட்டினேன்.

"ரீச்சரைக் கண்டால் குடுங்கோ மாமா. இதை மணந்துகொண்டிருந்தால் சத்தி வராது. பிறகு லோஞ்சிலயே வரலாம்."

மாமா அதை வாங்கிச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, குடுக்கிறன்," என்றார். பெரிய உபகாரம் ஒன்றைச் செய்துவிட்ட சந்தோசத்தில் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.