ஆறு மீன்களுக்குப் பார்த்த ட்யூட்டி

1. அழைப்பு

ஜெனரல் மானேஜர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னபோது, பாய்லர் தண்ணீரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நான் வாட்டர் டிரீட்மென்ட் ஆபரேட்டர். போர்வெல் தண்ணீரிலிருந்து உப்பையெல்லாம் எடுத்து, டி.எம். வாட்டராக்கி, பாய்லருக்கு அனுப்புவது எங்கள் வேலை. தண்ணீர் சரியாக இருக்கும்வரை எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதினோரு வருஷத்தில் அந்த அறைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

"தண்ணி விஷயம் உனக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க. என் வீட்டு மீன் தொட்டிக்குத் தண்ணி செட் பண்ணித் தரணும்," என்றார்.

தென் அமெரிக்க ஆற்றில் பிடித்த குள்ள சிக்லிட் மீன்கள் ஆறு, சிங்கப்பூர் வழியாக அவருக்கு வருகின்றன. விரல் நீளம்கூட இருக்காது. பண்ணையில் பிறந்தவை அல்ல என்பதால் தண்ணீர் மாறினால் தாங்காது. போன தடவை வந்தவற்றைப் பையோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் ஒன்றும் மிஞ்சவில்லை.

"இந்த வாட்டியும் போச்சுன்னா தொட்டியையே தூக்கிடுவேன். உன்னை நம்பித்தான் வரவழைக்கிறேன்," என்றார்.

எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஆபத்து என்று இப்போது தெரிகிறது.

2. தண்ணீர்

அவர் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை வீட்டில் அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். அந்த மீன்கள் இருக்கும் ஆற்றுத் தண்ணீரில் உப்பு மிகவும் குறைவு, டீ நிறம், கொஞ்சம் புளிப்பு. எங்கள் போர்வெல் தண்ணீரோ பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதற்காக வெறும் டி.எம். வாட்டரில் விட்டாலும் மீன் செத்துவிடும். அதில் உயிருக்கு வேண்டிய உப்புகூட இல்லை. மூன்று பங்கு டி.எம்., ஒரு பங்கு போர்வெல் என்று கலந்து, உப்பு எவ்வளவு என்று ஹார்ட்னஸ் பார்த்தேன். காய்ந்த நாட்டு வாதுமை இலையை ஊறப்போட்டு, அந்தப் புளிப்பு வர பி.எச். இறக்கினேன். ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டிகளைக் கவிழ்த்து வைத்தேன். மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று பழைய தொட்டியின் மணலைப் போட்டு இரண்டு வாரம் பம்ப் ஓடவிட்டேன். என் மனைவி மேரி, "எஸ்தர் குடிக்கிற தண்ணியக் கூட நீ இப்படிப் பாத்ததில்ல," என்றாள். எஸ்தர் எங்கள் ஒரே மகள். அப்போது எட்டு வயது.

3. அந்த நாள்

மீன் வந்த அன்று எஸ்தருக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். காலையில் கொஞ்சம் இறங்கியிருந்தது, கஞ்சியும் குடித்தாள். அதை நம்பி பிள்ளைப்பாக்கத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்து ஜி.எம். பங்களாவுக்குப் போனேன்.

மீன்களைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, காற்று பம்ப்பின் குழாயையும் உள்ளே போட்டேன். தொட்டியிலிருந்து மெல்லிய ட்யூப் இறக்கி, நடுவில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழவைத்தேன். வாளித் தண்ணீர் மெல்ல மெல்லத் தொட்டித் தண்ணீராக மாற வேண்டும். மூன்று மணி நேரக் கணக்கு. ஆறு மீன்களும் நிறம் வெளுத்து, வாளி ஓரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. பார்க்கப் பாவமாக இருந்தது.

பாதி ஆனபோது பக்கத்து வீட்டு தாஸ் சைக்கிளில் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

"அண்ணே, பாப்பாவுக்கு ஜொரம் நெருப்பாக் கொதிக்கிது. கண்ணு மேல சொருவிக்கினு கீது. அண்ணி உடனே இட்டாரச் சொல்லிச்சு."

"பாதிதான் ஆயிருக்குது. ஒன்றர மணி நேரத்துல வந்துட்றேன்னு சொல்லு."

"இன்னாண்ணே, மீனுக்கா ட்யூட்டி பாக்குற? செத்தா சாவட்டும், வாண்ணே."

"உனக்கு இன்னா தெரியும் இதப் பத்தி? போடா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த ஜி.எம். வீட்டு அம்மா, "என்னப்பா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? நான் வேணா பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்கம்மா. இது உங்களுக்குத் தெரியாது," என்றேன்.

எங்கள் பிளாண்ட்டில் ரிலீவர் வராமல் போஸ்ட்டை விட்டு நகரக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சட்டை மாற்றலாம். பாய்லருக்கு அது சரி. தண்ணீர் தப்பினால் பாய்லர் வெடித்து ஆள் சாவான். அந்தப் பழக்கத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியின் முன்னாலும் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அந்த அம்மா ரிலீவராக வந்து நின்றார். எனக்கு அது புரியவில்லை.

முழு நேரமும் முடித்து, மீன்களை வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, விளக்கை அணைத்து, பேப்பரால் மூடிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீடு பூட்டியிருந்தது. பால் வேனை நிறுத்தி மேரியையும் எஸ்தரையும் ஏற்றி அனுப்பினார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் நினைவில்லாமல் கிடந்தாள். வேனிலேயே ஜன்னி வந்து, வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. மேரி ஒருத்தியே அவளைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேரியின் கையில் பல் பதிந்த காயம் இருந்தது.

அவள் திட்டவில்லை. "மீனெல்லாம் பொழைச்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

"பொழைச்சிது," என்றேன்.

4. பிறகு

மறுநாள்தான் எஸ்தர் கண் திறந்தாள். வீட்டுக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. விஷயம் தெரிந்த ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, "முடிச்சை இறுக்கிட்டு, பம்ப்பை ஓடவிட்டுட்டுப் போயிருக்கலாமேய்யா. சாயங்காலம் வரைக்கும் அதுங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது உண்மை. சொட்டை நிறுத்தினால் தண்ணீர் மாறுவது நிற்கும், அவ்வளவுதான். வால்வு மூடித் திறப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

இப்போது என் ஷிப்டில் சேரும் பையன்களுக்கு வால்வுகளைக் காட்டுவதற்கு முன்பு ஒன்று சொல்கிறேன். எந்த வேலையைப் பாதியில் நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று ஆரம்பிக்கும்போதே கேட்டுக்கொள். வீட்டிலிருந்து ஆள் வந்தால் யாரிடமாவது வாய் திறந்து சொல். பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியாது என்று நீயே முடிவு செய்யாதே. பையன்கள் தலையாட்டுகிறார்கள். அவர்களுக்கு இன்னும் பிள்ளைகள் இல்லை.

எஸ்தர் இப்போது பத்தாவது படிக்கிறாள். லேசாகத் தும்மினாலும் நான் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. "அன்னிக்கு பிளாண்ட்டுல அப்பாவ மாத்திவிட ஆள் வரல," என்று மேரி அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் எஸ்தரிடம்தான் படிக்கக் கொடுக்க வேண்டும்.