விண்கலத்தின் கதவு

ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு கராஜின் மாடியில், பாய் பழைய வீடியோ கேசட்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி. டெக்கில் போடுமுன் ஒவ்வொரு கேசட்டையும் மாம்பழம் வாங்குபவர் மாதிரி மோந்து பார்ப்பார், பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று.

சிறுவயதில் நான் வாய்பிளந்து பார்த்த விண்வெளித் தொடர் ஒன்றை டிஸ்க்கில் மறுபடி வெளியிடுவதற்காக ஒரு கம்பெனி அவரிடம் கொடுத்திருந்தது. கடைசிப் பகுதி மட்டும் அவர்களிடமே இல்லை. அது என்னிடம் இருந்தது. இங்கே லேபர் கேம்ப்பில் இருந்த அப்பாவுக்காக, ஊரில் அம்மா டிவியிலிருந்து பதிவுசெய்து, லீவு முடிந்து இங்கே திரும்பிய ஒருவரிடம் கொடுத்தனுப்பிய கேசட்.

போட்டுப் பார்த்தால், விண்கலத்தின் கதவு திறக்கும் இடத்தைக் காணோம். விளம்பரம் வந்ததும் அம்மா பதிவை நிறுத்தியிருக்கிறாள். மறுபடி அமுக்கத் தாமதமாகிவிட்டது.

"போச்சா பாய்?" என்றேன்.

"ஏன் தம்பி போவுது? டேப் மிச்சம்னு எல்லா வீட்லயும் விளம்பரத்த வெட்டத்தான் செஞ்சாங்க. உங்க அம்மா இங்க லேட்டு. எங்கயாச்சும் ஒரு உம்மா டக்குன்னு அமுக்கியிருப்பாங்க. அந்தக் கேசட் வரட்டும், ஒட்டிருவோம்."

போன மாதம் டிஸ்க் வந்தது. கதவு முழுசாகத் திறந்தது. ஏதோ ஓர் உம்மாவின் கேசட்டிலிருந்து ஒட்டிய அந்தச் சில நொடிகள் மட்டும் லேசாக மஞ்சளாக இருந்தன. ஒரு பொட்டுத் தூசியைக்கூட விடாத மனிதர், அந்த மஞ்சளை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?