மூன்றாவது பாட்டில்

திருச்சியில் மழை பெய்வதே அபூர்வம். அங்கே அமில மழை பெய்தால் நீர்த்தாவரங்கள் என்ன கதியாகும் என்று எட்டாம் வகுப்பில் நான் கவலைப்பட்டேன். தாவரத்தின் மேல் பாசமெல்லாம் இல்லை. போன வருஷ அறிவியல் கண்காட்சியில் எரிமலை செய்தவளுக்கு முதல் பரிசு போயிருந்தது. இந்த வருஷம் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அமில மழை என்ற பெயரை எங்கள் டீச்சரே அப்போதுதான் கேள்விப்பட்டார். பாதிப் பரிசு பெயரிலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில், கிணற்றடிச் சுவர்மேல் மூன்று கண்ணாடி பாட்டில்கள். மூன்றிலும் காவேரித் தண்ணீர், வாய்க்காலில் அள்ளிய வேலம்பாசி. தினம் காலையில் இங்க் ஃபில்லரால் மழை பெய்யவைப்பேன். முதல் பாட்டிலுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு, அப்பா புத்தூர் பேட்டரிக் கடையில் கெஞ்சி வாங்கிவந்து நிறையத் தண்ணீரில் கலந்து கொடுத்த ஆசிட் இரண்டு சொட்டு. மூன்றாவதற்கு ஆறு சொட்டு. மூன்றாவது சாக வேண்டும், இரண்டாவது வாட வேண்டும், முதலாவது நன்றாக இருக்க வேண்டும். சார்ட்டில் அப்படித்தான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

அதே சுவரில்தான் பெரியப்பாவின் வெற்றிலைப் பெட்டியும் இருக்கும். அதற்குப் பக்கத்தில், எந்நேரமும் அரிசி புடைத்தபடி அத்தை. காலேஜில் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷத்தில் கல்யாணத்துக்காக அவர் படிப்பை நிறுத்தினார்கள். கல்யாணமும் நீடிக்கவில்லை, புருஷன் இறந்து, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

பத்து நாளில் இரண்டாவது பாட்டில் சார்ட்டில் சொன்னபடி மஞ்சளானது. மூன்றாவது கொஞ்சம் வெளுத்துப் பார்த்துவிட்டு, பச்சைக்கே திரும்பியது. ஆறு சொட்டை எட்டாக்கினேன். புதுத் துளிர் விட்டது.

"சாகவே மாட்டேங்குதும்மா!"

"நல்லதுதானேடி. அது ஏன் சாகணும்?" என்றாள் அம்மா.

"பிரைஸுக்கு!"

முறத்துக்குப் பின்னால் அத்தை சிரித்தார். எனக்குக் கோபமாக வந்தது.

கண்காட்சி அன்று காலை, விஞ்ஞானிகள் செய்யக்கூடாததைச் செய்தேன். இரண்டாவது, மூன்றாவது பாட்டில்களின் லேபிளைக் கிழித்தெடுத்து மாற்றி ஒட்டினேன். டவுன் பஸ்ஸில் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டும்போது, பரிசை எந்த அலமாரியில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடுவராக வந்த பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து லிட்மஸ் தாளை எடுத்தார். வாடிய பாட்டிலில் நீலத்தாள் சிவப்பானது. பச்சைப் பாட்டிலில் நீலம் நீலமாகவே இருந்தது. சிவப்புத்தாளை விட்டார். அது நீலமானது.

"இது ரெண்டு சொட்டு ஆசிட் விட்டதாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப ஆசிட் எங்க போச்சு? அடியில வெள்ளையா படிஞ்சிருக்கு பாரு, சுண்ணாம்பு." லேபிளைத் தடவிப் பார்த்தார். "கோந்துகூட இன்னும் காயலையே."

முதல் பரிசு மறுபடியும் எரிமலைக்கே போனது.

வீட்டில் சாயங்காலமே பெரியப்பாவை விசாரணைக்கு நிறுத்தினோம். சுண்ணாம்பு தொட்ட விரலைக் கண்ட இடத்தில் கழுவுகிறவர் அவர் ஒருவர்தான். 

"புள்ள அழுவுது. கைய எங்கதான் கழுவுவீங்க?" என்று பெரியம்மா கத்த, அவர் வாய் நிறைய வெற்றிலையோடு விழித்தார்.

"கழுவியிருப்பேன் போல. எனக்கென்னடி தெரியும், ஊறுகாய் பாட்டிலுன்னு நெனைச்சேன்."

"ஊறுகாயில மட்டும் கழுவலாமா?"

அத்தையை யாரும் கேட்கவில்லை. புருஷனை இழந்தவர் வெற்றிலைப் பெட்டியைத் தொடமாட்டார் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கேட்பதற்கே அவசியம் இல்லை. அத்தைதான் என்னைக் கேட்டார், முறத்தைக் கீழே வைத்துவிட்டு.

"லிட்மஸ் நல்லா நீலமாச்சா, லேசாவா?"

"லேசாதான். இப்ப அது ரொம்ப முக்கியமா?"

"அப்ப ஒரு துளி அதிகம்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.

பெரியப்பாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது நானும் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். போன வாரம் லேபில் அமிலத்தில் சுண்ணாம்புநீரைத் துளித்துளியாக விட்டு, லிட்மஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோதுதான் அந்த "ஒரு துளி அதிகம்" ஞாபகம் வந்தது. சும்மா கழுவுகிற விரல் துளிக்கணக்கு வைக்காது. செத்துக்கொண்டிருந்த பாசியைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று அந்தக் கொல்லையில் ஒருவர் தினமும் அளந்து பார்த்திருக்கிறார். முடிந்தும் இருக்கிறது.

அந்த வீட்டில் நடந்த ஒரே உண்மையான ப்ராஜெக்ட் அது. அதன்மேல்தான் நான் பொய் லேபிளை ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன்.