மெஷினைக் கேட்காமல் வீட்டைக் கேட்டவர்

சென்ற திங்கட்கிழமை காலை எங்கள் ஒர்க்‌ஷாப்பின் புகார்த் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அதை இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறவர் பரமேஸ்வரி. அன்று அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. பஸ் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்து நானே எடுத்தேன். அவருடைய தங்கை பேசினார். "அக்கா போயிட்டா அண்ணை. நேற்றுப் பின்னேரம் நெஞ்சு நோகுது எண்டு படுத்தவ, எழும்பயில்லை" என்றார். நாற்பத்திரண்டு வயது. அந்த வார்த்தைகளைக் கேட்ட பிறகும் நான் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

பரமேஸ்வரியை நீங்கள் பலரும் குரலால் மட்டும் அறிந்திருப்பீர்கள். உங்கள் வீட்டு ஏர்கான் மக்கர் பண்ணும்போது மறுமுனையில், "பொறுங்கோ, ஒண்டும் பயமில்லை" என்று சொன்ன யாழ்ப்பாணத்துக் குரல் அவருடையதுதான். முகமறிந்தவர்களுக்கு அவருடைய வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையும் நினைவிருக்கும். நான் அவரைவிட ஏழு வயது மூத்தவன். அவர் சேர்வதற்கு முன்பே எங்கள் கம்பெனியில் பெரிய மெக்கானிக். அப்படி நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டைப்பிஸ்டாகத்தான் வந்தார். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஏர்கான் வைத்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. ஆங்கிலத்தில் வந்த பழுதுபார்க்கும் புத்தகங்களைப் படியெடுத்து அடிப்பதும், புகார்களைக் குறித்துக்கொள்வதும் அவர் வேலை. நாங்கள் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் படம் பார்த்ததோடு சரி. அவர் எழுத்தெழுத்தாக அடித்து அடித்து முழுவதையும் மனத்தில் ஏற்றிக்கொண்டார். எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

நாங்கள் கவனித்ததெல்லாம் அவர் தொலைபேசியில் கேட்ட கேள்விகளைத்தான். பெயர், விலாசம், பழுது என்று மூன்றை எழுதினால் போதும் என்பது மானேஜர் கட்டளை. இவரோ, "நேற்று உங்கட வீட்டில என்ன நடந்தது?" என்றுதான் ஆரம்பிப்பார். யார் வந்தார்கள், என்ன சமைத்தார்கள், கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று போய்க்கொண்டே இருக்கும். "பொண்ணு பாக்குற தரகர் தோத்தாரு லா!" என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரித்துவிட்டுச் சொல்வார்: "மெஷினைக் கேட்டா ஒண்டும் சொல்லாது அண்ணை. வீட்டைக் கேளுங்கோ."

ஒரு முறை சாங்கியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மெஷின் ஓடுகிறது, அறை குளிரவில்லை என்றார். நான் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குக் கிளம்பிவிட்டேன். பரமேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் விஷயம் வந்துவிட்டது. பிரசவத்துக்கு வந்த மகளுக்காக அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். அது மெஷினின் வாயை மூடித் தொங்குகிறது. வெளியே வந்த குளிர்காற்று திரையில் முட்டி மறுபடியும் மெஷினுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது. "திரையை ஒதுக்கிக் கட்டுங்கோ. அரை மணித்தியாலத்தில எடுத்துச் சொல்லுங்கோ" என்றார். அரை மணியில் அழைப்பு வந்தது, குளிர்கிறது என்று. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இனி எனக்கே வெட்கமான கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை. முதலாளி குடும்பம் மாடியில் குடியிருந்தது. படுக்கையறையில் ஓராண்டாக நன்றாக ஓடிய ஏர்கான் திடீரென்று தகராறு செய்யத் தொடங்கியது. காற்றே வரவில்லை என்று காலையில் அழைப்பு வரும். பதினோரு மணிக்கு நான் போய்ப் போட்டால் ஒழுங்காக ஓடும். தூசியைத் தடுக்கும் பில்டர் வலை கறுத்துக் கிடக்கும். சாலைத் தூசி என்று கழுவிப் போடுவேன். மூன்றாவது முறை முதலாளி, "என்னதான் கோளாறு?" என்று முறைத்தார். எங்கள் தொழிலில் பதில் தெரியாதவனுக்கு ஒரு பதில் உண்டு. "கேஸ் குறைஞ்சு போச்சுங்க" என்றேன். குளிரூட்டும் அந்த கேஸை ஏற்றிவிட்டும் வந்தேன். இரண்டே வாரத்தில் மறுபடியும் நின்றுவிட்டது.

இந்த முறை முதலாளி மானேஜரையே கூப்பிட்டுவிட்டார். "உங்க ஆள் மெஷினைக் கெடுத்துட்டுப் போறான். திரும்பத் திரும்ப வரணும்னே பண்றான்" என்று சத்தம் போட்டாராம். மானேஜர் என்னை உள்ளே அழைத்தார். இன்னும் ஒரு புகார் வந்தால் வேலை இல்லை என்றார். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு போனால் சிங்கப்பூரில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்பது? கண்கலங்க வெளியே வந்தவனைப் பரமேஸ்வரி நிறுத்தினார்.

"கேஸ் போயிட்டுது எண்டு சொன்னனீங்களே, ஓட்டையைக் கண்டனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"மூடின குழாய்க்குள்ள கிடக்கிற கேஸ் எங்கயும் போகாது அண்ணை. போனா ஓட்டை இருக்கும். ஓட்டையைக் காணாமல் அப்பிடிச் சொல்லப்பிடாது."

சுருக்கென்றது. அவர் தம் புகார்ப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். துணிக்கடையிலிருந்து வந்த எல்லா அழைப்புகளும் சனிக்கிழமை காலையில். எனக்கு எல்லா நாளும் ஒன்றுதான். அவர் கண்ணில் அது பட்டிருந்தது. "அப்ப வெள்ளிக்கிழமை அந்த வீட்டில ஏதோ நடக்குது. நீங்கள் போற நேரத்தில அது முடிஞ்சுபோகுது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பிவிட்டார். அலுவலகப் பெண் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது வழக்கத்தில் இல்லாத காரியம். பூசை நேரத்தில் மெக்கானிக்கை எந்த வீட்டிலும் படுக்கையறைக்குள் விட மாட்டார்கள். அவரை முதலாளியம்மா உள்ளே அழைத்து உட்காரவைத்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன்.

ஏர்கானுக்கு நேர் கீழே, சுவரில் அடித்த சாமித் தட்டு. மாடியில் அதற்கு வேறு இடமில்லை. தட்டில் குத்துவிளக்கு. ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, மெஷினும் ஓட, முதலாளியம்மா சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி எழுந்து போய்த் தம் வெள்ளைக் கைக்குட்டையை மெஷின் காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பூசை முடிந்து கைக்குட்டையை எடுத்தபோது அதில் கரி அப்பியிருந்தது. மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று மூன்று மாதமாக நேர்த்திக்கடன். வெள்ளிக்கிழமைகளில் அந்த விளக்கு விடிய விடிய எரியும் என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. கரியும் சாம்பிராணிப் புகையும் பில்டரை அடைக்கின்றன. விளக்கின் சூடு, அறையின் குளிரை அளக்கும் சின்னக் குமிழில் படுகிறது. அறை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று மெஷின் நிற்காமல் ஓடுகிறது. காற்றுப் போகாத குழாய்களில் பனிக்கட்டி கட்டி, காலையில் மூச்சு நின்றுவிடுகிறது. மெஷினை அணைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பனி உருகியிருக்கும், தண்ணீரையும் துடைத்திருப்பார்கள்.

முதலாளி மேலே வந்தார். விஷயம் காதில் விழுந்ததும் மனைவியைத்தான் முதலில் பார்த்தார். "உன் விளக்காலதான் இவ்வளவுமா?" என்றார். அந்த அம்மாவின் முகம் செத்துவிட்டது. மகளுக்காக ஏற்றிய விளக்கு அல்லவா?

பரமேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "விளக்கில ஒரு பிழையும் இல்லை ஐயா. சாமித் தட்டு முதலே இங்க இருந்தது. அதுக்கு மேல கொண்டுபோய் மெஷினை வச்சது நாங்கள். பிழை எங்கட" என்றார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மீதியை நான்தான் சொல்லியாக வேண்டும் என்பது புரிந்தது.

"கேஸ் குறையலைங்க. ஓட்டையைப் பாக்காமலே நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மன்னிச்சிருங்க" என்றேன். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டேன். முதலாளி அந்தக் கரிக் கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சாமித் தட்டை எதிர்ச்சுவருக்கு நானே மாற்றிக் கொடுத்தேன். சாம்பிராணி காட்டும்போது மெஷினை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னோம். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகார் வரவில்லை. தை மாதம் கல்யாணப் பத்திரிகைதான் வந்தது, பரமேஸ்வரியின் பெயருக்கு.

அந்த வெள்ளி கழிந்த திங்களன்று, நடந்ததையெல்லாம் பரமேஸ்வரி அப்படியே அறிக்கையாக அடித்து மானேஜர் மேசையில் வைத்தார். என் தப்பையும் விடவில்லை. "உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்று மானேஜர் சீறினார். "புகார்ப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. புகார் முடியாமல் இருந்தது" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார் இவர். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. எனக்குச் சேர வேண்டியதுதான். வேலை தப்பியது, பெயரும் தப்பியது. அடுத்த மாதம் கம்பெனியின் புகார்த் தாளில் நான்காவதாக ஒரு வரி சேர்ந்தது: நேற்று வீட்டில் என்ன நடந்தது? இன்று ஜூரோங் தொழிற்சாலைகள் வரைக்கும் எங்கள் ஆட்கள் போகிறார்கள். எல்லார் கையிலும் அந்தத் தாள்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சென்ற திங்களன்றே ஈமக்காரியங்கள் முடிந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கத்தோங்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். சனிக்கிழமை அவர் வீட்டு மெஷின் அறைக்குள் தண்ணீர் கொட்டியதாம். பரமேஸ்வரி அரை மணி நேரம் பேசி, வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் வெளியே தண்ணீர் வடியும் துளையில் துணியைத் திணித்ததைக் கண்டுபிடித்துவிட்டாராம். "தண்ணி நின்னுடுச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

சொல்கிறேன் என்று வைத்துவிடலாம். அந்தத் தொலைபேசியில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"எங்க வீட்டைப் பத்தி அத்தனை கேட்டாங்க. பையன் என்ன படிக்கிறான்னுகூட கேட்டாங்க. அவங்க வீட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்கலீங்களே" என்றார்.

"இப்பக் கேளுங்க, சொல்றேன்" என்றேன். குவீன்ஸ்டவுனில் இரண்டறை வீடு. தங்கையின் இரண்டு பிள்ளைகளை இவர்தான் படிக்கவைத்தார். வீட்டில் ஏர்கான் கிடையாது. அவரே எண்ணெய் போட்டுப் பராமரித்த ஒரு மேசை விசிறி உண்டு. அந்தப் பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

இப்போது அந்தத் தொலைபேசியை நான்தான் எடுக்கிறேன், இரண்டாவது மணிக்குள். நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பரமேஸ்வரி எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வி. அதோடு ஒரு வாக்கும் உண்டு. ஓட்டையைக் காணாமல், கேஸ் போய்விட்டது என்று இனி இந்த வாய் சொல்லாது.