வரி மட்டும் கட்டினால் போதும்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் தராசு என்று பெயர். விமானத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஒரு பெட்டியைக் கையில் தூக்கியதும் இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் காய்கறிப் பையைத் தூக்கச் சொன்னால் மட்டும் உடனே முதுகு பிடித்துக்கொள்ளும்.

கல்யாணமான புதிதில் ஓடுபாதைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஆறு விமானம்தான். ஆறாவது கிளம்புகிற சத்தம் கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பேன். அவர் சைக்கிளை நிறுத்தும்போது சாப்பாடு தயாராக இருக்கும். சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு ஏற்றிய பெட்டிகளைப் பற்றிக் கதை சொல்வார். "இன்னிக்கு ஒரு பெட்டி, நாப்பது கிலோ இருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த பெட்டிதான், சந்தேகமே இல்ல. பசங்க தானா கட்டினா இருபதைத் தாண்டாது." பாதிக்குப் பாதி புளுகு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கதைக்காகவே நானும் சாப்பிடாமல் காத்திருப்பேன். சொந்த வீடு வந்தது, மிக்சி வந்தது, எல்லாம் வந்தது. அந்தச் சாப்பாட்டு நேரம் மட்டும் திரும்ப வரவே இல்லை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி எங்கள் இரண்டு பேருக்கும் இலவச டிக்கெட் கொடுக்கும். கட்டணம் கிடையாது, அரசாங்கத்துக்கு வரி மட்டும் கட்டினால் போதும். ஒரே ஒரு கொக்கி. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால்தான் நமக்கு. இருபத்தாறு வருஷம் அந்த டிக்கெட்டை நாங்கள் வாங்கவே இல்லை. யாரைப் பார்க்கப் போவது? அப்புறம் எங்கள் ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். நான்கு மணி நேரப் பறப்பு. பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று போனில் அழுதாள்.

மூன்று தடவை பெட்டியோடு போய் நின்றோம். அதற்குள் டிக்கெட் விலை சல்லிசாகிவிட்டிருந்தது. எந்த விமானத்திலும் எள் விழ இடமில்லை. "மன்னிச்சுக்கோங்க சார், இன்னிக்கும் ஃபுல்" என்று வாசலில் நின்ற பெண் மூன்று தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை பஸ்ஸில் திரும்பி வரும்போது மாப்பிள்ளையின் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் வாழ்த்துச் சொன்னார்.

விமானப் பயண வரியை இரண்டு மடங்காக்கலாமா என்ற பேச்சு கிளம்பியது அடுத்த மாதம்தான். யூனியனில் கூட்டம் போட்டார்கள். குடும்பத்தோடு வரச் சொன்னதால் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வரி கூடினால் விமானம் குறையும், நம் வேலை போகும், எதிர்க்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத என் வீட்டுக்காரர் திடீரென்று எழுந்தார்.

"வரியைக் கூட்டணும்னுதான் நான் சொல்வேன். வெள்ளிக்கிழமை ஏத்துற பெட்டியை ஞாயித்துக்கிழமை நானே இறக்குறேன். அடுத்த வாரம் திரும்ப அதே பெட்டி. நாலு தடவை போறவங்க ரெண்டு தடவை போனா என்ன குறைஞ்சிடும்? புகையும் சத்தமும் நம்ம பிள்ளைங்களுக்குத்தானே?"

"தராசு அண்ணனுக்கு சீட்டு காலியாகணும்! அதான் விஷயம்!" என்று ஒருவன் கத்தினான். கூடமே சிரித்தது. அவர் காது சிவந்துபோய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "மத்தவங்களுக்கு டிக்கெட்டுல ஒரு பங்குதான் வரி. நமக்கு டிக்கெட்டே வரிதான். அதைப் போய் ஏத்தச் சொல்றீங்களே! யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதையா இருக்கு."

"சீட்டுக்காக நான் பேசலடி."

"சீட்டுக்காகப் பேசியிருந்தீங்கன்னா, உங்களுக்கும் கொஞ்சம் புத்தி இருக்குன்னு சந்தோஷப்பட்டிருப்பேன்."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொல்லியா அரசாங்கம் கேட்கப்போகிறது என்று மூன்றாம் நாள் சமாதானமானேன். ஆனால் வரி கூடியது. ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு நான்காவது தடவையாகப் போய் நின்றோம். அதே பெண் சிரித்தாள். "வாங்கம்மா, இன்னிக்கு எங்க வேணும்னாலும் உக்காரலாம்."

முதல் தடவையாக விமானத்துக்குள் காலை வைத்தேன். மூன்று பேர் வரிசையில் ஜன்னலோரம் அவர், நடுவில் நான், ஓரத்து இடம் காலி. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அப்படியே அங்கங்கே காலி. உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்று அவரை இடித்தேன். அவர் திரும்பவில்லை. கீழே அவருடைய ஆட்கள் பெட்டி ஏற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவை மூடிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமைப் பெட்டி ஒண்ணுகூடக் குறையலடி."

"என்ன சொல்றீங்க?"

"வாராவாரம் போறவங்க யாரும் நிக்கல. அவங்களுக்கு இந்த வரியெல்லாம் ஒரு காசா? நின்னது யாரு தெரியுமா? நம்மள மாதிரி எப்பவாவது ஒரு தடவை போறவங்க. அடிக்கடி போறவங்களுக்கு மட்டும் போடுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியாமப் போச்சு."

கிளம்பி ஒரு மணி நேரத்தில் எனக்கு முழங்கால் குடையத் தொடங்கியது. ஓரத்து இடத்தில் காலை நீட்டப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தார். கைப்பையையாவது வைக்கிறேன் என்றேன். அதற்கும் விடவில்லை.

"யாரோ ஒரு அம்மா உக்கார வேண்டிய இடம் அது. அவங்க பொண்ணும் காத்துக்கிட்டுதான் இருப்பா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேத்தியைப் பார்க்கப் போகிற நாளில் இது என்ன பேச்சு? ஆனாலும் இறங்கும்வரை நான் காலை நீட்டவில்லை.

வெளியே மகள் ஐந்து மாதக் குழந்தையோடு நின்றிருந்தாள். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளை விடுவதாக இல்லை. அவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஒருவழியா வந்துட்டீங்க! கூட்டமே இல்லையாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"நிறைய இடம் இருந்துச்சும்மா" என்றார்.